பியூலா மிஸ்ஸுக்கு முதலில் தெரிந்தது

என் மகளுக்கு,

அடுத்த அறையில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குரல் கொடுத்தால் எட்டும் தூரத்தில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அப்பா சிரிக்கிறார். பேசினால் எனக்கு நடுவில் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் அழுகை வந்துவிடும். எழுதும்போது இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரவைக்க முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனாலோ என்னவோ, கையில் பேனா கிடைத்ததும் இன்னமும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணாகிவிடுகிறேன். மார்ஜின் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல், கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று உன்னிடம் முன்கூட்டியே கேட்டேன். "யாரு பேரும் போடாத. மிஸ்ஸுக்கு வேற பேரு வச்சிரு. ஆனா பாகற்காய் அல்வாவ மட்டும் விட்டுராத, அதுலயே அதுதான் உருப்படி" என்றாய். அதனால் பியூலா மிஸ் என்பது நானாக வைத்த பெயர். மற்றதெல்லாம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னை ரயில் ஏறுகிறாய். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் லேப்டாப்புகளைத் தூரத்தில் இருந்தபடியே கவனித்துக்கொள்ளும் கம்பெனியில் உனக்கு வேலை. எங்கோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை எதைத் தேடியது, எந்தப் பக்கத்தைத் திறந்தது என்பதெல்லாம் இனி உன் திரையில் வந்து நிற்கும். இந்த வேலைக்கு உன்னைச் சொல்லிவைத்தவள், உன் பள்ளிக்கூடத்தை விட்டு அங்கே போய்ச் சேர்ந்த பியூலா மிஸ். உனக்கு மேலதிகாரியும் அவள்தான். நீ தங்கப்போகும் விடுதியும் அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில். நேரில் பார்த்தால் "வாங்க மிஸ்" என்று நான்தான் முதலில் எழுந்து நிற்பேன். மனதுக்குள் மட்டும் அன்று முதல் இன்றுவரை அவள் எனக்கு "அவள்"தான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதைவிடக் கொஞ்சம் கௌரவமான சொல் கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கவலை, ஏக்கம், பிரிவு என்று பல சொற்கள் வந்து நின்றன. எதுவும் பொருந்தவில்லை. சென்னையில் உனக்குக் காய்ச்சல் வந்தால், வேலை பிடிக்காமல் போனால், யார் மேலாவது பிரியம் வந்தால், முதலில் யாருக்குத் தெரியும்? அவளுக்கா, எனக்கா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ பதினோராம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கொடுத்தார்கள். பெற்றோர்களையெல்லாம் உட்காரவைத்து பியூலா மிஸ் விளக்கம் சொன்னாள். கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஒல்லியாக, காலர் வைத்த ரவிக்கையோடு, கையில் ஒரு குறிப்பும் இல்லாமல் பேசினாள். "இது ஸ்கூல் லேப்டாப். பிள்ளைங்க இதுல என்ன தேடினாலும் எனக்குத் தெரியும். வீட்டுல வச்சுத் தேடினாலும் தெரியும். பிள்ளைங்ககிட்டயும் இதச் சொல்லிட்டேன்" என்றாள். பின்னாலிருந்து ஒருவர், "அப்போ எங்க வீட்டுச் சண்டையும் உங்களுக்குக் கேக்குமா மிஸ்?" என்றார். "கேக்காது அண்ணாச்சி. நீங்க டைப் பண்ணிச் சண்டை போட்டாத்தான் தெரியும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அப்பா என் காதருகே குனிந்து, "நல்லதாப் போச்சு. நமக்கு அதுல என்ன இருக்குன்னு பாக்கத் தெரியாது. அவங்களாவது பாக்கட்டும்" என்றார். ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தொலைபேசி எண் கேட்ட இடத்தில் அவருடைய எண்ணை எழுதிவிட்டு, தாயின் எண் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு நம்பர் என்னத்துக்கு?" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கோட்டை நான் பின்னால் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மேலகரத்தில் நம் வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்ததும் உன் அப்பா மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "யப்பா, இது பைக் இல்ல" என்று நீ துடைத்துவிட்டாய். பிறகு என் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்து, திரைக்கு மேலே இருந்த சின்னக் கேமராக் கண்ணின் மேல் ஒட்டினாய். எதற்கு என்று கேட்டேன். "யாரோ பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும்மா" என்றாய். "பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நீ என்ன களவாங்கவா போற?" என்றேன் நான். தப்புச் செய்யாதவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு முழு மனதோடு நம்பினேன். மறைப்பதற்குத் தப்புத்தான் வேண்டும் என்பதில்லை, வலி இருந்தாலும் போதும் என்பது எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் சாரல் நன்றாக விழுந்தது. உன் அப்பா வழக்கம்போல ஐந்தருவியில் பழக்கடை போட்டார். சீசன் முடியும்வரை நீ அருவிப் பக்கமே போகக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். வெளியூர்க் கூட்டம், குடித்துவிட்டு வருகிறவர்கள், வழுக்குப் பாறை என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அப்பாவின் கடை இருக்கும் இடத்துக்கே மகள் போகக்கூடாதா என்று நீ ஒருமுறை கேட்டதற்கு அடி வாங்கினாய். அதற்குப் பின் நீ கேட்கவில்லை. ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட்டதும், அப்பா சரக்கு எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தோழிகளோடு போய்க் குளித்திருக்கிறாய். விசையாக விழுந்த தண்ணீர் உன் காதில் அறைந்திருக்கிறது. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வாரத்தில் இருந்து நீ ரெட்டைச் சடையை விட்டுவிட்டு, முடியைத் தளர்த்தி, காதை மூடிய மாதிரி ஒற்றைச் சடை போட ஆரம்பித்தாய் என்பது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது. எதையும் கவனித்துப் பார்க்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. சடை மாறியதைக் கவனித்தேன். சடைக்குள்ளே இருந்த பஞ்சைக் கவனிக்கவில்லை.

அடுப்படியில் நின்று ஒரு சாயங்காலம் நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். "ஏட்டி! எத்தன தடவ கூப்பிடுதேன்? காது என்ன செவிடா?" நீ நிதானமாக வந்து, "என்னம்மா?" என்றாய். "லேப்டாப் வந்ததும் திமிரு வந்துட்டு உனக்கு." "கேக்கலம்மா." "கேக்கலயா? எதுத்த வீட்டுக்காரிக்கே கேட்டிருக்கும், உனக்குக் கேக்கலயாக்கும்?" அதற்கு எதிர்வீட்டிலிருந்து, "எனக்கு நல்லாவே கேக்குதுக்கா!" என்று பதில் வந்தது. நீ சிரித்திருக்க வேண்டும். எப்போதும் சிரிக்கிறவள் நீ. அன்று நீ சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் குரலும் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதையும் நான் திமிர்க் கணக்கில்தான் சேர்த்தேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் வந்து நின்று பியூலா மிஸ் கேட்டாள்: "காது இப்போ எப்படி இருக்கும்மா? டாக்டர் மறுபடி பாத்துட்டாங்களா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பாத்துட்டாங்க மிஸ். இப்போ நல்லாருக்கு." எந்தக் காது என்றுகூடத் தெரியாமல் சொன்னேன். உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதை அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் அந்த நொடியில் எனக்குப் பெரிதாக இருந்தது. நீ நலமா என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இதை எழுதும்போது பேனா தயங்குகிறது, இருந்தாலும் முழுப் பதில் எழுதுகிறவள் நான்.

அங்கிருந்து நேராக மினி பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். உன் அப்பா ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பிள்ளைக்குக் காதுல என்ன?" என்றேன். "இந்தா, இவங்களுக்குப் பழத்தக் குடுத்துட்டு வாரேன்." "பழம் இருக்கட்டும். காதுல என்ன?" பழம் வாங்க வந்த அம்மாள் பயந்துபோய், "நீங்க பேசிட்டு வாங்க, நாங்க குளிச்சிட்டு வாரோம்" என்று நகர்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னார். நீ பள்ளிக்கூட லேப்டாப்பில், காதில் சீழ் வந்தால் என்ன செய்வது, காது அப்படியே கேட்காமல் போய்விடுமா என்று தேடியிருக்கிறாய். பியூலா மிஸ் பார்த்துவிட்டு, உன்னிடம் பேசிவிட்டு, படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உன்னைத் தென்காசியில் காது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். செவிப்பறையில் சின்ன ஓட்டை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மூடிவிடும் என்றாராம். மூடியும் விட்டதாம். "எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். உன் அப்பா தராசைக் கீழே வைத்தார். "உங்கிட்ட சொன்னா நீ மொதல்ல அடிப்ப. அப்புறம் அழுவ. அதுக்குள்ள டாக்டரு கதவப் பூட்டிட்டுப் போயிருவாரு" என்றார்.

ஓட்டை மூடிவிட்டது என்றதும் ஒரு தாய்க்கு முதலில் நிம்மதிதான் வரவேண்டும். எனக்கு வந்தது பொறாமை. நீ அந்தக் கேள்வியை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டிய அன்று நான் அதே அறையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன். கை நீட்டினால் என் முழங்கால். அதை விட்டுவிட்டு ஒரு பெட்டியிடம் கேட்டாய். அந்தப் பெட்டியின் மறுபக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து உன் பயத்தை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனபோது எனக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வயது ஏறினாலும் அந்த எரிச்சல் வளரவே இல்லை, பாவாடை சட்டையோடு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மறுநாளே கம்ப்யூட்டர் அறையில் போய் நின்றேன். "நான் அவ அம்மா. அவ என்ன தேடுதா, என்ன பாக்குதா, எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்க" என்றேன். பியூலா மிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டாள். நான் உட்காரவில்லை. "ஒரு தடவ தேடினதையெல்லாம் நான் கண்டுக்க மாட்டேம்மா. ஒரே கேள்விய நாலஞ்சு நாளா வேற வேற மாதிரிக் கேட்டிருந்தா. பயந்துட்டான்னு தெரிஞ்சுது. கூப்பிட்டு, நான் பாத்தேன்னு சொன்னேன். வீட்டுக்குச் சொல்லப் போறேன்னும் சொன்னேன். கோவப்பட்டா. ரெண்டு மூணு நாள் எங்கூடப் பேசல." எனக்கு அதைக் கேட்க ஒரு சின்னச் சந்தோஷம். அவளிடமும் கோபப்பட்டிருக்கிறாய்! "பழச நான் காட்ட முடியாதும்மா" என்றாள். "ஆனா பெத்தவங்களுக்கு வாரா வாரம் ரிப்போர்ட் அனுப்புத வசதி இருக்கு. ஸ்கூல்ல கேட்டா உங்க போனுக்கு வரும். அது உங்க உரிமை. ஒண்ணே ஒண்ணு, நீங்க பாக்கப் போறீங்கன்னா அவகிட்ட சொல்லிட்டுப் பாருங்க." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் ரிப்போர்ட் என் போனுக்கு வரும். பின்வாசலில் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து படிப்பேன். நீ தேடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். என்னுடைய பழைய அகராதியைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப் போவேன். பாடம் மாதிரி படித்தேன். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைக் கேள். அந்தத் தீபாவளிக்குக் கத்திரிப்பூ நிறத்தில் கண்ணாடி பதித்த சுடிதார் ஒன்றைத் தென்காசியில் தேடிப்பிடித்து வாங்கிவந்தேன். பையைப் பிரித்ததும் நீ துள்ளினாய். "யம்மா! இது எப்படிம்மா கண்டுபிடிச்ச? நான் யாருட்டயும் சொல்லவே இல்லியே!" "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றேன். பேச்சுப் போட்டிக்கு முந்தின வாரம், மேடை பயத்தைப் போக்குவது எப்படி என்று நீ தேடியிருந்தாய். ஒன்றும் தெரியாதவள்போலத் தலை வாரிக்கொண்டே, "மேடையில ஏறினதும் கடைசி வரிசையில இருக்கவளப் பாத்துப் பேசுட்டி, முன்னால இருக்க முகத்தப் பாக்காத" என்றேன். நீ அப்படியே திரும்பி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். எண்ணெய்க் கையோடு நின்றேன். உனக்கும் எனக்கும் நடுவில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. உண்மையில் பள்ளிக்கூடத்து இயந்திரம் முழுவதும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிப்போர்ட்டில் "பாகற்காய் அல்வா செய்வது எப்படி" என்று இருந்தது, அதுவும் தமிழில். எனக்கு ஒரு நிமிடம் திகைப்பு. பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையெதையோ பார்த்து ஆசைப்படுகிறார்கள், நம் பிள்ளை ஆசைப்பட்டால் செய்துகொடுப்பதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாகற்காயைச் சீவி, உப்பில் பிசிறி, பிழிந்து, நெய்யில் வதக்கி, சர்க்கரையையும் முந்திரியையும் கொட்டிக் கிண்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். உன் அப்பா முதல் வாயிலேயே, "இது என்னட்டி, குடல் மருந்தா?" என்றார். நீ தட்டைத் தொடவில்லை. என்னையே பார்த்தாய். "உலகத்துல யாராவது பாகற்காயில அல்வா கிண்டுவாங்களாம்மா?" என்றாய். "நீதானட்டி ஆசப்பட்ட..." என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடினேன். "நான் எப்போ உங்கிட்ட ஆசன்னு சொன்னேன்? வேணும்னேதான் நேத்து டைப் பண்ணினேன். இன்னிக்குத் தட்டுல வந்துட்டு." உன் அப்பா ஒன்றும் புரியாமல் இரண்டாவது வாயும் எடுத்து வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். நீ எழுந்து கை கழுவப் போகிற வழியில் நின்று கேட்டாய்: "தீபாவளிச் சுடிதாரும் இப்படித்தானா?"

நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகிப் போயிருக்கும். நீ கத்தவில்லை. அந்தச் சுடிதாரை மடித்து என் பீரோவில் என் சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டாய். அடுத்த வாரத்திலிருந்து ரிப்போர்ட் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வந்தது. வேதியியல், கணக்கு, ஒளிச்சேர்க்கை. உன் பயம், உன் ஆசை, எதுவும் அதில் இல்லை. அதையெல்லாம் நீ எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்றும் எனக்குத் தெரியவந்தது. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விடுகிறாய் என்று உன் தோழி சொன்னாள். பியூலா மிஸ்ஸிடம் நீ வாயால் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்! திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தவள் எதிரே உட்கார்ந்து கேட்கிறவளாகிவிட்டாள். எதிரே இருந்த நான் பின்வாசலில் ஒளிந்து பார்க்கிறவளாகிவிட்டேன். டிபன் பாக்ஸில் இருந்து அவளுக்கும் போகிறது என்ற ஆத்திரத்தில் தேங்காய்த் துவையலைப் பாதியாகக் குறைத்தேன். நீதான் அரைப்பசியோடு வீடு வந்தாய். அப்படியும் மறுநாள் குறைத்துத்தான் வைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க நானும் உன்னோடு வந்தேன். நீ தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போய்விட்டாய். பியூலா மிஸ் அதைத் திறந்து ஏதோ தட்டினாள். "என்ன செய்யுதீங்க மிஸ்?" "எல்லாத்தையும் அழிக்கேம்மா. அடுத்து வர பிள்ளைக்குப் புதுசாக் குடுக்கணும்." "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கது?" "அதையும் அழிச்சிருவேன்." திரையில் ஒரு கோடு மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப் பத்தி அவ உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே கூசியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "நல்லதா இருந்தாலும் சொல்ல மாட்டேம்மா, கெட்டதா இருந்தாலும் சொல்ல மாட்டேன். அவ சொன்னா கேட்டுக்கோங்க" என்றாள். அந்த வாயைக் கிள்ள வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மேலகரம் நிறுத்தத்தில் இறங்கும்போது வேறொன்று தோன்றியது. இதே கேள்வியை அவள் என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், அவளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று காட்டுவதற்காகவே சொல்லித் தீர்த்திருப்பேன். அதனால்தான் நீ அவளிடம் போனாய்.

கல்லூரிக்குப் போன வருடங்களில் உன் போனும் லேப்டாப்பும் உனக்குச் சொந்தமானவை. உன் அப்பா ஒருமுறை, "பாஸ்வேர்ட கேட்டு வச்சுக்கோ, ஆத்திர அவசரத்துக்கு" என்றார். வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன பாடு என்று யாருக்கும் தெரியாது. நீ குளிக்கப் போயிருக்கும்போது மேசையில் போன் மினுங்கும். எழுந்து போய்க் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்தச் செடி அழுகாமல் பிழைத்ததே பெரிது. நீ சொன்னதைச் சொன்ன அளவுக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் தோண்டாமல் இருக்கப் பழகினேன். பஸ் தாமதம், கேன்டீன் சாம்பார், பேராசிரியரின் குரல் என்று சின்னச் சின்னதாக நீ சொன்னாய். நான் "ம்" என்றேன். "அப்புறம்?" என்று கேட்காமல் "ம்" மட்டும் சொல்வது என் சுபாவத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது நீ திரைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறாய். புத்தி சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அந்த வேலையை நான் கெட்டவிதமாகச் செய்து பார்த்தவள் என்பதுதான். பிறர் சொல்லாததைத் தெரிந்துவைத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது, ஏமாந்துவிடாதே. நான் அதைத் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து வாரா வாரம் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பெண் கத்திரிப்பூ நிறச் சுடிதார் தேடினால் அது உனக்கு எதற்கு? கண்ணை எடுத்துவிடு. ஒரு பிள்ளை பயத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் நின்று பார். பார்த்தால், பார்த்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல். அது கோபப்படும், கோபப்படட்டும், அந்தக் கோபம் அதற்குச் சொந்தமானது. படிவத்தில் தாயின் எண் என்ற கட்டத்தில் கோடு இழுத்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை எண் வாங்கித் தரச் சொல். அப்புறம், என்றைக்காவது என்னைப்போல ஒருத்தி, "நான் அவ அம்மா, எல்லாத்தையும் காட்டு" என்று உன் முன்னால் வந்து நிற்பாள். நாற்காலி போடு. தண்ணீர் கொடு. அவள் உட்கார மாட்டாள், குடிக்கவும் மாட்டாள். காட்டாதே. ஆனால் அவள் போன பிறகு அவளைப் பார்த்துச் சிரிக்காதே. அவள் களவு பார்க்க வந்தவள் இல்லை. தன் பிள்ளை வேறு யாரிடமோ பேசுகிறது என்று தெரிந்து வந்தவள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் நாளின் காலையில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லி முடிக்கிறேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையின் இரண்டு முனையை நீயும் இரண்டு முனையை நானும் பிடித்து மடிக்கும்போது, "யம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். சொன்னாய். என்ன என்று இங்கே எழுதமாட்டேன், பத்திரிகை படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். சொல்லி முடித்ததும் நான் கேட்டது என்ன? நல்ல தாயாக இருந்தால் வேறு எதையாவது கேட்டிருப்பேன். "இது மிஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றேன். நீ போர்வைக்கு மேலே என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "இன்னும் தெரியாது. உனக்குத்தாம்மா மொதல்ல."

அதற்குப் பிறகு நீ நிறையப் பேசினாய். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: "உனக்குத்தான் மொதல்ல" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன், அதற்கப்புறம் நீ சொன்னதில் பாதி என் தலைக்குள் போகவில்லை. ரயில் ஏறுவதற்கு முன்னால் அதை இன்னொரு தடவை சொல். முதலில் தெரிந்துகொண்டவள் என்ற பெருமையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

அம்மா